நாலு பேர் போகும் விமானம்

முன் ஆசனத்தில் இருவர், பின் ஆசனத்தில் இருவர், தலைக்குமேல் கண்ணாடிக் கூரை. மோட்டார் காரில் சாய்ந்துகொள்வதுபோல் சாய்ந்துகொண்டு, ஆகாய மார்க்கமாக ஊர் ஊராய்ப் போய்வரலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 108 என்ற ஜெர்மானிய விமானத்தை இந்த உல்லாசத்துக்காகத்தான் செய்தார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் என்றதும் யுத்தகாலத்துச் செய்திகளை அறிந்தவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். அதுவும் சரிதான், அங்கேதான் வரப்போகிறேன்.

1934ல் வார்ஸாவில் பிரயாண விமானங்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. அதன் விதிகளைப் படித்தால் வரன் தேடும் தாயாரின் நிபந்தனைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. விமானம் வெகு வேகமாகப் பறக்கவேண்டும். அதுவே வெகு மெதுவாகவும் பறக்கவேண்டும்! வேகத்துக்குச் சிறிய இறக்கை போதும். ஆனால் வேகம் குறைந்தால் சிறிய இறக்கை விமானத்தைத் தாங்காது, கீழே போட்டுவிடும். வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் இறக்கையின் முன் விளிம்பில் மெல்லிய பட்டைகளைப் பொருத்தினார். வேகம் குறைந்ததும் அவை தாமாகவே முன்னே நகரும். அந்த இடுக்கு வழியாகக் காற்று பாய்ந்து இறக்கையைத் தாங்கும். ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்தது இந்தச் சின்னஞ்சிறு யுக்திதான். மற்றவர்கள் சட்டத்தின்மேல் துணி போர்த்திக்கொண்டிருந்த நாளில், இவர் மெல்லிய உலோகத் தகட்டையே பாரம் தாங்கும் உடலாக்கினார். ஆணித் தலைகள்கூடக் காற்றில் தட்டாதபடி தகட்டோடு தகடாக அமுங்கியிருந்தன. பறக்கும்போது சக்கரங்கள் மடங்கிக்கொள்ளும். 240 குதிரைச் சக்திக்குள், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்!

ஆயினும் முதல் பரிசு போலந்துக்காரர் பஜானுக்குப் போயிற்று. இதற்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். போட்டிக்கு முன்பே ஒரு விமானம் விழுந்து, ஓட்டியவர் மாண்டார்.

பெயரை வாங்கித் தந்தவர் எல்லி பைன்ஹோர்ன் என்ற பெண்மணி. நம் நாட்டைக் கடந்து ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாகப் பறந்தவர் அவர். 1935 ஆகஸ்டில் இந்த விமானத்தில் கிளைவிட்ஸிலிருந்து இஸ்தான்புல் போய், அன்றைக்கே பெர்லினுக்குத் திரும்பினார். 'டைபூன்' என்று பெயரிட்டதும் அவரே.

அந்த ஆண்டிலேயே, மே மாதத்தில், மெஸ்ஸர்ஷ்மிட் 109 பறந்துவிட்டது. அதே உலோக உடல், அதே பட்டைகள். ஆனால் ஒரே ஆசனம், கூடவே துப்பாக்கிகள். 30,000க்கு மேல் செய்து குவித்தார்கள். உல்லாசப் பயணத்தில் பார்த்த ஒத்திகை எதற்கென்று ஐரோப்பாவுக்குப் புரிந்தது.

டைபூனும் யுத்தத்தில் ஒரு விசித்திர வேஷம் கட்டிற்று. 1940 ஜனவரி 10. ஹோன்மன்ஸ் என்ற மேஜர் மியூன்ஸ்டரிலிருந்து கொலோனுக்குப் பறந்தார். காரியம் பெரிதில்லை, அழுக்குத் துணிகளை மனைவியிடம் சேர்க்கவேண்டும். ரயிலுக்குப் பதிலாகத் துணைக்கு வந்தவர் ரைன்பெர்கர் என்ற இன்னொரு மேஜர். அவர் பையில் பெல்ஜியத்தைத் தாக்கும் ரகசியத் திட்டம்! மூடுபனியில் வழி தப்பிற்று. இந்த ரக விமானத்தில் பழக்கம் போதாத ஹோன்மன்ஸ், பெட்ரோலை அடைக்கும் பிடியைத் தெரியாமல் நகர்த்தினார் என்கிறார்கள். எஞ்சின் நின்றது. இரு மரங்களுக்கிடையே இறங்கியதில் இறக்கைகள் இரண்டும் போயின. ஆட்கள் பிழைத்தார்கள். இறங்கிய இடம் பெல்ஜியம்.

ரைன்பெர்கர் ஒரு பண்ணையாளிடம் நெருப்பு வாங்கிக் காகிதங்களை எரிக்கப் பார்த்தார், காவலர்கள் வந்துவிட்டார்கள். விசாரணை அறையிலும் அவற்றை அடுப்பில் திணித்தார். பெல்ஜியக் காப்டன் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே இழுத்தார். இதனால்தான் ஹிட்லர் திட்டத்தை மாற்றினார் என்பார் சிலர். எப்படியும் மாறியிருக்கும் என்பார் சிலர். எனக்கு இரண்டாவது கட்சியில்தான் நம்பிக்கை. எப்படியானாலும், மே மாதம் அடி விழுந்தது ஆர்டென் காட்டு வழியாக. பிரெஞ்சுக்காரரின் சிறந்த படைகளோ பெல்ஜியத்துக்குள் விரைந்து போய் அகப்பட்டுக்கொண்டன.

யுத்தத்துக்குப் பின் பிரான்ஸிலேயே ஒரு தொழிற்சாலை இதற்குப் பிரெஞ்சு எஞ்சின் பொருத்திச் செய்தது. வைத்த பெயர் 'பென்குயின்'. பறக்கத் தெரியாத பறவையின் பெயர்! பிற்பாடு சினிமாக்காரர்கள் இவ்வகை விமானங்களையே 109 ஆக நடிக்கவைத்தார்கள். 1962ல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படத்தில், கடற்கரையைச் சுட்டுக்கொண்டு பாயும் இரு விமானங்களை உற்றுப் பாருங்கள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் கண்ணாடிக் கூரை நீளுகிறது; இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.