வெள்ளை மை இல்லாத அச்சுக்கூடம்

கனடாவில் வாழும், என்னிலும் மூத்த நண்பரொருவர் சில மாதங்களுக்கு முன்னர் வினோதமான உதவியொன்றைக் கோரினார். எயர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானத்தின் பழைய புகைப்படமொன்று வேண்டும், எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார். 1960களில் தந்தையாருடன் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த விமானத்தை அவர் 72இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்துகொண்டிருந்தார். டகோட்டா மாதிரி கடையில் கிடைத்தது. அதன்மேல் ஒட்டவேண்டிய பெயர் கிடைக்கவில்லை.

அவ்வாறு ஒட்டப்படுவதற்கு 'டெக்கல்' என்று பெயர். பசை பூசிய தாளின்மேல் மெல்லிய அரக்குப் படலம், அதன்மேல் அச்சு. நீரில் நனைத்தால் பசை கரையும்; படலம் வழுக்கிக்கொண்டு மாதிரியின்மேல் ஏறும். இதன் மூதாதையரைத் தேடினால் பீங்கான் தொழிலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜோன் சாட்லர், கை கிறீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் அதிகமான ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்தனர். செப்புத் தகட்டின் படத்தைத் தாளில் எடுத்து, தாளிலிருந்து ஓட்டுக்கு மாற்றும் முறை அது. 1796இல் அலோய்ஸ் செனபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்த பின்னர் பல வண்ணப் படங்களை மாற்றி ஒட்டுவது மலிவாயிற்று. 1860களில் இங்கிலாந்தில் அது பெரும் மோகமாகவே பரவியது. டெக்கல் என்பது அம்மோகத்தின் பிரெஞ்சுப் பெயரான 'டெக்கல்கோமேனி' என்பதன் சுருக்கமே.

1952இல் எயார்பிக்ஸ் நிறுவனம் 'கோல்டன் ஹைன்ட்' கப்பலைச் சிறிய பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டது. அதன் பின்னர் மாதிரி செய்தல் சாதாரண வீட்டுப் பையன்களின் பொழுதுபோக்காயிற்று. ஆனால் ஒரு பெட்டிக்குள் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று விமானங்களின் அடையாளங்களே இருக்கும். புகழ்பெற்ற படையணிக்கும் பெரிய நிறுவனத்துக்கும் அதில் இடமுண்டு. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையை நடத்தி, 1979இல் எயர் லங்காவுக்கு வழிவிட்டு மறைந்த சிறு நிறுவனத்தை யார் அச்சிடப் போகிறார்கள்?

எனவே தானே அச்சிட வேண்டும். வீட்டுக் கணினியும் அச்சுப்பொறியும் வந்த பின்னர் அது இயலும் காரியமாயிற்று. எனினும் அங்கே ஒரு தடை நிற்கிறது. சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு இது உறைத்ததேயில்லை. எங்களுக்கு வெள்ளை என்பது தாள். அதை யாரும் அச்சிடுவதில்லை. டெக்கலின் தாளோ நீரோடு போய்விடும். எஞ்சும் படலம் கண்ணாடி போன்றது. கருநிறத்தின்மேல் ஒட்டினால் சிவப்பும் மஞ்சளும் மங்கி மறைந்துவிடும்.

இதற்கு ஜப்பானின் அல்ப்ஸ் நிறுவனம் 1990களில் விடை தந்தது. உலர்ந்த நிறப்பட்டியைச் சூடாக்கி ஒட்டும் அதன் அச்சுப்பொறி, வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிட்டது. நிறுவனம் அத்தொழிலைக் கைவிட்ட பின்னரும் மாதிரிக் கலைஞர்கள் பழைய பொறிகளைப் பொன்போலக் காத்துவந்தனர். வெள்ளைத் தூள் கொண்ட லேசர் அச்சுப்பொறிகளும் பின்னர் வந்தன, விலைதான் எட்டாதது.

நண்பர் ஏழையின் வழியையே பின்பற்றினார். வெள்ளைப் படலமுள்ள டெக்கல் தாளை வாங்கி, எழுத்தைச் சுற்றிலும் விமானத்தின் நிறத்தையே அச்சிட்டு, ஓரத்தைக் கத்தியால் வெட்டினார். மை நீரில் கரையாதிருக்க வார்னிஷ் தெளித்தார். படலத்தின் கீழே காற்று தங்கினால் வெள்ளி போல மின்னும் என்பதால், ஒட்டும் இடத்தை முதலில் பளபளப்பாக்கினார்.

என் பங்குக்கு ஒரு பிழையை மட்டும் தடுத்தேன். அவர் முதலில் வரைந்திருந்த பதிவெழுத்து 'வீபீ' என்று தொடங்கியது. அது 1940களின் பிற்பகுதிக்குரிய படத்திலிருந்து எடுத்தது. அவர் பறந்த காலத்தில் இலங்கை விமானங்கள் '4ஆர்' என்னும் எழுத்தைத் தாங்கின. இரண்டு எழுத்துப் பிழைத்தால் அது அவருடைய விமானமாகாது. அவர் பிறப்பதற்கு முந்திய விமானமாகிவிடும். நிறத்தைப் பற்றி என்னால் உதவ முடியவில்லை. எனக்குக் கிடைத்த படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. சிவப்பின் சாயலை அவரும் அவருடைய தமக்கையாரும் தொலைபேசியில் வாதாடித் தீர்மானித்தார்கள்.

கடந்த வாரம் படம் அனுப்பியிருந்தார். தாளில் இடம் மிகுந்ததால் பெயரை ஆறு தடவை அச்சிட்டதாகவும், இரண்டு கிழிந்துபோக மூன்றாவதே சரியாக ஒட்டியதாகவும் எழுதியிருந்தார். மிகுதி மூன்றும் அவரிடம் உண்டு. பலாலியில் விமானமேறிய நினைவுடையவர் யாரும் கேட்டால் தருவாராம்.