பல இல்லங்களில் ஒரு நகரின் நினைவு

பார்சலோனா என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கட்டடக்கலை மேதை கௌதியின் திருக்குடும்ப ஆலயமே. அந்நகரின் வரலாற்று அருங்காட்சியகத்தை அறிந்தோர் சிலரே. அது ஒரே கூரையின்கீழ் அடங்குவதன்று. அரண்மனை, உரோமைக் கோயில் தூண்கள், யூதர் இல்லம், ஆலை, குண்டுவீச்சுப் பதுங்கிடம், ஒரு குருவானவர் உயிர்நீத்த வீடு எனப் பத்துக்கும் மேற்பட்ட பழைய இடங்களில் பரவிக் கிடக்கிறது. நிகழ்ந்ததை அது நிகழ்ந்த இடத்திலேயே நின்று பார்க்கச் சொல்கிறது. வசதியான முறையன்று, கால் வலிக்கும். சில இடங்களில் மனமும் வலிக்கும்.

இதன் தலைமை இல்லம் அரசர் சதுக்கத்திலுள்ள பாதெல்யாஸ் மாளிகை. புதிய பெருஞ்சாலை ஒன்றை வெட்டியதால் இடிபடவிருந்த இம்மாளிகையைக் கல் கல்லாகப் பிரித்து, 1931-இல் இங்கே கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார்கள். அதற்கு அடித்தளம் தோண்டியபோது உரோமைப் பேரரசர் அகுஸ்து காலத்தில் நிறுவப்பட்ட 'பார்சினோ' நகரின் தெருக்களும் சுவர்களும் வெளிப்பட்டன. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் ஒரு நகரைக் கண்டெடுத்தார்கள் என்றே சொல்லவேண்டும். 1943-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று நிலத்தடியில் ஏறத்தாழ 4000 சதுர மீட்டர் பரப்பில் துணி வெளுத்த இடம், சாயமிட்ட தொட்டிகள், மீனை உப்பிலிட்டுக் குழம்பு செய்த கூடம், திராட்சை இரசம் ஆக்கிய இடம் ஆகியவற்றின் ஊடே நடந்து செல்லலாம்.

அந்த நடையின் இறுதிப் பகுதியில் ஆயர் இல்லத்தின் எச்சங்களும், எண்கோண வடிவிலான திருமுழுக்குத் தொட்டியும் காணப்படுகின்றன. எட்டு என்பது உயிர்ப்பு நாளின் எண். ஏழு நாள் படைப்புக்குப் பின் வரும் புதுப்படைப்பின் நாள். குருமடத்தில் இதைப் பாடமாகப் படித்தோம். இங்கோ அது கல்லாகவும் சாந்தாகவும் நிற்கிறது. நீண்ட காலம் போதனை கேட்டு, விரும்பிக் காத்திருந்தவர்கள் இத்தகைய தொட்டிகளில் இறங்கி எழுந்தார்கள். 'விரும்பி' என்ற சொல்லை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மேலே ஏறினால் அரசரின் பழைய அரண்மனை. 1263-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில், யூத ராபி மோசே பென் நக்மானும், யூத மறையிலிருந்து மனமாறிய தொமினிக்கன் துறவி பவுலும் மெசியாவைப் பற்றி வாதிட்டார்கள். மனத்தில் உள்ளதைப் பேச ராபிக்கு மன்னர் உரிமை அளித்திருந்தார். ஆயினும் அவரால் தொடர்ந்து அந்நாட்டில் வாழ இயலவில்லை. முதுமையில் புனித பூமிக்குப் புறப்பட்டுப் போனார்.

அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில், காத்தலான் மொழியில் 'கால்' என வழங்கப்பட்ட யூதர் குடியிருப்பை அடையலாம். ஒடுங்கிய சந்துகள். அவற்றினிடையே பதினான்காம் நூற்றாண்டில் யூத நெசவாளர் ஒருவருக்கு உரியதாயிருந்த இல்லம் இப்போது அருங்காட்சியகத்தின் கிளை. சிறிய இடந்தான். எனினும், கத்தோலிக்கர்களாகிய நாம் அங்கே சற்று நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

செவில்லி நகரில் ஒரு தலைமைத் திருத்தொண்டர் ஆண்டுக்கணக்கில் யூதருக்கெதிராகப் போதித்த பகை 1391 ஜூன் மாதத்தில் கலவரமாக வெடித்து, ஊர் ஊராகப் பரவியது. ஆகஸ்டு 5-ஆம் நாள், அக்காலத்தில் புனித தோமினிக்கின் திருவிழா நாள், பார்சலோனாவில் கூட்டம் யூதர் குடியிருப்புக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தவர்களும் தப்பவில்லை. எஞ்சியோர்முன் வைக்கப்பட்டவை இரண்டே: திருமுழுக்கு, அல்லது சாவு. யூத மெய்யியலாளர் ஹஸ்தாய் கிரெஸ்காஸ் தம் ஒரே மகனை இங்கே இழந்தார்; அதே ஆண்டு அவர் அவிஞோன் யூதருக்கு எழுதிய மடலில் அத்துயரம் பதிவாகியுள்ளது. அக்குடியிருப்பு மீண்டும் தழைக்கவேயில்லை.

அச்சத்தில் பெற்ற நீர் யாரைக் கழுவும்? திருச்சபையின் சட்டமும் இக்கேள்வியில் தடுமாறியே வந்துள்ளது. 633-இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், யூதரை இனி வற்புறுத்தலாகாது என்றது. ஆனால் ஏற்கெனவே வற்புறுத்தப்பட்டவர்கள் கிறிஸ்தவர்களாகவே நீடிக்கவேண்டும் என்றும் விதித்தது. முதல் பாதி மறக்கப்பட்டது. இரண்டாம் பாதி நன்றாக நினைவில் இருந்தது. 1391-இல் நீரூற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை மறைவிசாரணை மன்றம் கண்காணித்தது. அம்மன்றம் பார்சலோனாவில் அமர்ந்த இடம் எது? அதே அரசர் அரண்மனை. அடியில் விரும்பி இறங்கியோரின் தொட்டி. மேலே விரும்பாதோரின் சந்ததியை விசாரித்த கூடம். நம்பிக்கை கட்டாயத்தால் வருவதன்று என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுறக் கூறியபோது, அது புதுமை அன்று, நெடுநாளைய கடன்.

பங்கு வரலாறு எழுத அமர்ந்தோருக்கு ஒன்று தெரியும். ஆலயம் கட்டியவர்களின் பெயர்கள் பதிவேட்டில் எளிதில் கிடைக்கும். காயப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித்தான் காணவேண்டும். பார்சலோனா அத்தேடலைச் செய்திருக்கிறது.

உள்நாட்டுப் போர்க்காலப் பதுங்கிடமும் அவ்வாறானதே. பொப்ளே-செக் பகுதி மக்கள், பெண்களும் சிறுவருமாகக் குன்றைக் குடைந்து அமைத்த 307-ஆம் எண் சுரங்கம் அது. 1936-இல் அந்நகரில் ஆலயங்கள் எரிந்தன. குருக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதை நாம் மறப்பதில்லை. ஆனால் 1938 ஜனவரி 30-ஆம் நாள், திருமறையைக் காக்கவே போரிடுவதாகச் சொல்லிக்கொண்ட அணிக்குத் துணைநின்ற இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டுகளால், புனித பிலிப்பு நேரி ஆலயத்தின் அடித்தளத்தில் ஒளிந்திருந்த குழந்தைகள் மாண்டனர். அவ்விடத்தில் இறந்தோர் 42 பேர். ஆலயத்தின் முகப்புச் சுவரில் அக்குண்டுகளின் வடுக்கள் இன்றும் உள்ளன.

கிளைகளுள் எளியோர் குடியிருப்புகளும் உண்டு. 'திரித்துவம்' எனும் பெயர்கொண்ட பகுதியில், 1914-ஆம் ஆண்டின் குடற்காய்ச்சல் கொள்ளைநோய்க்குப் பின் கட்டிய நீர்நிலையம். 'நல்லாயன்' எனும் பெயர்கொண்ட பகுதியில், 1929-இல் தொழிலாளருக்கென எழுப்பிய சிறு வீடுகள். இவ்வீடுகள் 2023-இல் அருங்காட்சியகமாயின.

கடைசியாக, நகருக்கு மேலே மலைக்காட்டில் உள்ள வில்லா ஜொவானா. காத்தலான் மொழியின் பெருங்கவிஞரான அருட்பணி ஜசிந்த் வெர்தகேர் இங்கே காலமானார். 1870-இல் குருப்பட்டம் பெற்று, கப்பலில் ஆன்மகுருவாகக் கடல் கடந்து, 'அட்லாந்திதா' என்ற காப்பியத்தால் 1877-இல் புகழடைந்தவர். பின்னர் செல்வக் குடும்பம் ஒன்றின் தருமங்களை வழங்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. வாரி வழங்கினார், கடன்பட்டார், பேயோட்டும் சடங்குகளில் ஈடுபட்டார். ஆயருக்குக் கீழ்ப்படிய மறுத்து, செய்தித்தாளிலேயே தம் தரப்பை எழுதினார். 1895-இல் அவருடைய குருத்துவப் பணி தடைசெய்யப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பிட நாம் முனையவில்லை. கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்த நமக்கு ஆயரின் கலக்கமும் புரிகிறது. வாசலில் நிற்கும் ஏழையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாதவரின் கலக்கமும் புரிகிறது.

1898-இல் தடை நீங்கி, நகரின் பெத்லகேம் ஆலயத்தில் மீண்டும் திருப்பலி நிறைவேற்றினார். காசநோய் முற்றியபோது, 1902 மே மாதத்தில் மலைக்காற்றுக்காக அவரை இந்த வீட்டிற்குக் கொண்டுவந்தார்கள். ஜூன் 10-ஆம் நாள் இறந்தார். ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் குருவின் உடலைப் பின்தொடர்ந்து, நகர மக்கள் பெருந்திரளாகத் தெருக்களை நிறைத்துக்கொண்டு நடந்தார்கள்.