கல்லூரி வகைகளும் தமிழாசிரியரின் ஆய்வுப்பணியும் (1880 – 1936)

முன்னுரை
கல்லூரி ஆசிரியரின் பணி கற்பித்தல், ஆய்வு என்னும் இரு கூறுகளை உடையது. இவற்றுள் ஆய்வுக்குக் கிடைக்கும் இடம் ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அவர் பணியாற்றும் நிறுவனத்தின் இயல்பையும் பொறுத்தது. அரசுக் கல்லூரி, சமயப்பரப்புக் கழகக் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகிய மூவகை நிறுவனங்களில் பணியாற்றிய தமிழறிஞர்களின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்துகிறது.

அரசுக் கல்லூரி
தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியரானார். சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகள் அங்குப் பணியாற்றிய காலத்தில் வெளிவந்தவை. பதிப்புப்பணி அவருடைய கல்லூரிக் கடமையில் அடங்கியதன்று. விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுவேலையைக் கவனித்தார்; செலவுக்குப் புரவலர்களையும் முன்பணம் தருவோரையும் நாடினார். நிலையான ஊதியமும் விடுமுறையுமே நிறுவனம் அவர் ஆய்வுக்கு அளித்த துணை எனலாம். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய அவர், 1919இல் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் நீடித்தார்.

சமயப்பரப்புக் கழகக் கல்லூரி
சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898இல் மறைமலையடிகள் பணியேற்றார். முல்லைப்பாட்டு (1903), பட்டினப்பாலை (1906) ஆராய்ச்சியுரைகள் அப்பணிக்காலத்தில் வெளிவந்தன. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்த சூழலில், 1911இல் அவர் பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் வாழ்ந்தார். துறவு நாட்டமும் சமயப்பணியும் அம்முடிவில் பங்கு கொண்டன. எனவே பாடத்திட்ட மாற்றத்தையே ஒரே காரணமாகக் கொள்ள இயலாது. எனினும், ஒரு பாடத்தின் தகுதி மாறும்போது அதனைக் கற்பிப்பவரின் பணியிடமும் அசைவுறும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பல்கலைக்கழகம்
சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதித் திட்டம் ஆய்வையே ஊதியப் பணியாக்கியது. 1926இல் அதன் பதிப்பாசிரியரான ச. வையாபுரிப்பிள்ளை, 1936இல் அப்பணி முடிவுற்றபின் அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவரானார். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் விபுலாநந்த அடிகளும், 1933இல் ச. சோமசுந்தர பாரதியாரும் தமிழ்ப் பேராசிரியர்களாயினர். ஓய்வுநேர உழைப்பாக இருந்த தமிழாய்வு, இவ்வாறு பதவியின் கடமையாக உருப்பெற்றது.

முடிவுரை
இம்மூவகை நிறுவனங்களிலும் தமிழாய்வு நிகழ்ந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர் மட்டும் வேறுபட்டனர். அரசுக் கல்லூரியில் ஆசிரியர் தம் ஓய்வை ஈந்தார். பல்கலைக்கழகத்தில் நிறுவனம் ஊதியம் ஈந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேர நேரடிக் கற்பித்தலை வரையறுக்கின்றன. அரசு, அரசு உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளில் பணிப்பாதுகாப்பு ஒன்றுபோல் இல்லாத நிலையில், ஆய்வு வெளியீடுகளின் எண்ணிக்கையை மட்டும் பொது அளவுகோலாகக் கொள்வது வரலாற்று அனுபவத்துக்கு முரணானது. ஆய்வின் அளவை மதிப்பிடுமுன், அதற்குரிய காலத்தை நிறுவனம் வழங்கியதா என்பதை ஆராய்தல் வேண்டும்.