வரவே இல்லாத கணக்கு

பையனுக்கு இப்போ பதினொண்ணாம் கிளாஸ். போன வாரம் ராத்திரி அவன் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். இருட்டு நிலவறை, கையில் தீப்பந்தம், நடுவில் ஒரு காசு சுழல்கிறது. "பூவா தலையான்னு கேக்குதுப்பா, தப்பா சொன்னா செத்தேன்" என்றான்.

'ஃபியர் அண்ட் ஹங்கர்'. பின்லாந்துக்காரர் மீரோ ஹாவெரினன் பெரும்பாலும் தனியாளாகவே உருவாக்கி, 2018-ல் வெளியிட்ட கேம். கொஞ்ச வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 டிசம்பரில் இரண்டாம் பாகம் 'டெர்மினா' வந்தபிறகுதான் யூட்யூப் வழியாகப் பரவியது.

இந்த வகையின் பூர்வீகம் ஜப்பான். 1989-ல் கியோஷி குரோசவாவின் பேய்ப்படம் 'ஸ்வீட் ஹோம்' வந்தது. அதே வருஷம் கேப்காம் அதே பெயரில் ஃபாமிகாமுக்கு ஒரு கேம் போட்டது. பேய் பங்களாவுக்குள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு சாமான்: ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் வேக்யூம் கிளீனர்(!). பையில் இடம் கொஞ்சம்தான். ஒருத்தர் செத்தால் செத்ததுதான், திரும்பி வரமாட்டார். ஜப்பானுக்கு வெளியே இது முறைப்படி விற்கப்படவே இல்லை. ஆனால் இதைத் திரும்பச் செய்யப்போய்த்தான் 1996-ல் கோடிகளில் புரளும் 'ரெசிடென்ட் ஈவில்' பிறந்தது.

அதே 1996-ல் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் கதையாக 'கார்ப்ஸ் பார்ட்டி' வந்தது. அது பெரிய கம்பெனி சரக்கல்ல. ப்ரோகிராமிங் தெரியாதவரும் கேம் செய்யட்டும் என்று ஆஸ்கி நிறுவனம் 1992-ல் விட்ட ஆர்.பி.ஜி. மேக்கரில் செய்தது. ஹாவெரினன் பிடித்ததும் அந்த மேக்கரின் பிற்காலப் பதிப்பைத்தான்.

அவர் செய்த வேலைதான் என்னை உட்கார வைத்தது. மற்ற ரோல் பிளேயிங் கேம்களில் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறும், பலம் கூடும். இங்கே ஒன்றும் கிடையாது. சண்டை போட்டால் கை போகும், ரத்தம் போகும். பசி வேறு ஏறிக்கொண்டே இருக்கும். கட்டிலில் படுத்து சேவ் பண்ணலாம் என்றால் அதற்கும் காசு சுண்டணும், தோற்றால் தூக்கத்திலேயே அடி. பேங்க் பாஷையில் சொன்னால் எல்லாமே பற்று, வரவே கிடையாது :-) பயம் பேயைப் பார்த்து வருவதல்ல, கையிருப்பைப் பார்த்து வருவது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனாலும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாலியல் வன்முறை உட்பட அதில் இருப்பவை பெரியவர்களுக்கானவை, பதினாறு வயசுக்கு ஆகாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "வேணும்னா அந்த மேக்கரை வாங்கித் தர்றேன், நீயே ஒண்ணு பண்ணு" என்றேன்.

நேற்று கூப்பிட்டுக் காட்டினான். ஒரே ஒரு ரூம். ஒரு கதவு, மூணு தீக்குச்சி. சாவி எங்கேடா என்றேன்.

"அதைத் தேடுறதுக்குள்ள குச்சி தீர்ந்துடும்ப்பா."