ஊவாவின் கத்தோலிக்கப் பெண் பாடசாலைகள்

ஊவா மாகாணத்தின் நகரங்களில் கன்னியர் மடங்களை ஒட்டி வளர்ந்து, 1960க்குப் பின் பெரும்பாலும் அரசின் கைக்குப் போன பாடசாலைகள் இவை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் கதையைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கும், நல்லாயன் கன்னியர் 1869இல் கொழும்புக்கும் வந்தனர். ஊவாவையும் உள்ளடக்கிய மலைநாடு 1883இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மறைமாநிலமாகி, சில்வெஸ்திரின் துறவியரின் பொறுப்பில் வந்தது. 1924இல் பதுளைவரை ரயில் ஓடத் தொடங்கியதும் வெளியூர்ப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிப்பது எளிதாயிற்று.

கொன்வென்ட் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது, கட்டணமும் உண்டு. கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி வீட்டுப் பெண்களுக்கு எட்டக்கூடியது, லயத்துப் பெண்ணுக்கு எட்டவில்லை. 1907இன் கிராமப் பாடசாலைகள் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. நடைமுறையிலோ ஓர் ஆசிரியர், ஓர் அறை, தொடக்க வகுப்புகள். அதன்பின் பெண்பிள்ளைக்குத் தம்பி தங்கையைப் பார்க்கும் வேலை, பிறகு கொழுந்துக் கூடை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத் துரைமாரிடமே இருந்தன.

சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் அரச உதவிபெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்துகளையும் சேர்த்தது. நாட்டின் பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவுபகலாகக் காவலிருந்தனர். சமூகத்தின் உழைப்பில் எழுந்த பள்ளிகளை இழந்த அந்த வேதனை நியாயமானது. கட்டணமில்லாமல் நடத்த முன்வந்த சில பள்ளிகள் மட்டும் தனியாரிடம் தங்கின. பொதுப் பள்ளி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டங்களும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. 1948இல் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகப் பேச அப்போது வாக்குப் பலமும் இருக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970களின் பிற்பகுதியில்தான் அவற்றின் பள்ளிகள் படிப்படியாக அரசிடம் வந்தன.

1972இல் பதுளை தனி மறைமாவட்டமானது. கண்டி ஆயர் பதவியைத் துறந்து இங்கே முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார, பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்ற குருத்துவப் பயிற்சி இல்லத்தை அமைத்து, கிராமத்து ஏழைகளிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் திருச்சபையின் பணியைத் திருப்பினார்.