சொந்த லாரியும் சர்க்கார் சீட்டும்

நம் தூத்துக்குடித் துறைக்கு அனுமதிச் சீட்டு என்பது புதியதொரு வழக்கமன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர், இந்துமகா சமுத்திரத்தில் செல்லும் கலங்கள் தம்மிடம் ‘கர்த்தாஸ்’ என்னும் சீட்டுப் பெறவேண்டுமென விதித்தனர். கலத்தின் தலைவன், ஏற்றிய சரக்கு, சேரும் துறை ஆகியன அதில் கண்டிருக்கும். சீட்டில்லாக் கலம் அவர் கையிற் சிக்கின் பறிமுதலாகும். முத்துக்கரையார் கடலில் அறிந்த இம்முறையே, நானூறு ஆண்டு கழிந்தபின் தரைவழி ஓடும் லாரிக்கும் வந்து வாய்த்தது.

1876ஆம் வருஷத்தில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பருத்தியும் உப்பும் மாட்டுவண்டியினின்று ரயிலுக்கு மாறின. பின்னர் லாரி தோன்றி ரயிலின் வருமானத்தைப் பகிரத் தொடங்கிற்று. 1914ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பெரும்பாலும் வண்டிப் பதிவு, ஓட்டுநர் லைசென்ஸ் என்ற அளவில் நின்றது. 1931இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரி ஏற்பட்டு, சாலைச் சுங்கச் சாவடிகள் எடுபட்டன. (இன்று புதூர் பாண்டியாபுரத்திலும் வாகைக்குளத்திலும் சுங்கம் செலுத்துவோர் இதனைக் கேட்டு நகைப்பர்.)

1933இல் மிச்செல், கிர்க்னஸ் என்னும் இருவரும், 1937இல் வெட்ஜ்வுட் தலைமையிலான கமிட்டியும் சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். அதன்மேல் எழுந்ததே 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். ரயிலுக்கும் சாலைக்கும் இசைவு காணவும், நஷ்டந்தரும் போட்டியைத் தடுக்கவும், நெடுந்தூரச் சரக்கு லாரிகளைக் கட்டுப்படுத்தலாமென அச்சட்டமே மாகாண சர்க்காருக்கு வெளிப்படையாய் அதிகாரம் வழங்கிற்று.

இச்சட்டம் லாரிக்காரரை இரு வகையாக்கியது. கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றுவோர் ஒரு வகை. தம் சொந்தச் சரக்கையோ தம் வியாபாரத்துக்கு வேண்டியதையோ மாத்திரம் ஏற்றுவோர் மற்றொரு வகை. பின்னவருக்குத் தனியார் பெர்மிட் வேறாக உண்டு. விண்ணப்பதாரர் தம் தொழிலுக்கன்றிப் பிறிதொன்றுக்கு லாரியைப் பயன்படுத்தார் என்று அதிகாரிகள் திருப்தியடைந்த பின்னரே அது கிடைக்கும்.

அன்பர்களே! இதன் பயனை நம் ஊர்க் கணக்கிற் பாருங்கள். உப்பளமும் கிட்டங்கியும் உடைய ஒருவர் தம் லாரியில் உப்பேற்றிக் கோவில்பட்டிக்கு அனுப்புகிறார். ஆங்கே வேறொருவரது பருத்திப் பொதி தூத்துக்குடித் துறைக்கு வரக் காத்திருக்கிறது. இவர் லாரியோ வெறுமையாய்த் திரும்புகிறது. கூலிக்கு அப்பொதியை ஏற்றினால் பெர்மிட் நிபந்தனையை மீறியவராவார், பெர்மிட்டே ரத்தாகலாம். எண்ணெய்ச் செலவு, ஓட்டுநர் சம்பளம், டயர்த் தேய்வு யாவும் இருவழிக்கும் உண்டு, வருவாயோ ஒருவழிக்கே. பல லாரி உடைய பெருமுதலாளி இதனைத் தாங்குவார். ஒற்றை லாரியைக் கடன்பட்டு வாங்கியவர் எங்ஙனம் தாங்குவார்?

அச்சட்டம் முழுவதையும் பழிப்பது நியாயமன்று. பாரத்தின் அளவு, வண்டியின் தகுதிச் சான்று, ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை வரம்பு, 1946 முதல் மூன்றாம் மனிதருக்கான கட்டாய இன்ஷியூரன்ஸ் ஆகியன உயிரைக் காத்தவை. சாலையில் நடப்பவனுக்கு அவை பெருந்துணை. வெறுமையாய்த் திரும்பும் லாரியால் எவருயிர் காக்கப்பட்டது என்பதே நம் கேள்வி.

இப்பாகுபாடு ஐம்பது ஆண்டு நிலைத்தது. 1988இல் நிறைவேறி 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரு வகையையும் ‘சரக்கு வாகனம்’ என்னும் ஒரே பெயருள் அடக்கிற்று. உப்பேற்றிச் சென்றவர் பருத்தியேற்றித் திரும்பத் தடை நீங்கியது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட்டே வேண்டாமாயிற்று. அதற்கு மேற்பட்ட டீசல் லாரி, தம் சொந்த அளத்து உப்பையே சுமந்தாலும், தூத்துக்குடிக்குரிய 69ஆம் எண்ணை மஞ்சட் பலகையில் தாங்கி, பெர்மிட்டுடனேயே துறைமுகச் சாலையில் ஓடுகிறது.