மட்சுஷிடாவின் 250 ஆண்டுத் திட்டம்

250 ஆண்டுத் திட்டம் என்பது, ஜப்பானியத் தொழிலதிபர் கோனொசுகே மட்சுஷிடா (1894–1989) 1932ஆம் ஆண்டு மே 5 அன்று ஒசாகா நகரில் தம் ஊழியர்களைக் கூட்டி அறிவித்த நீண்டகால இலக்காகும். ஒரு நிறுவனம் தான் எதற்காக இயங்குகிறது என்பதை ஊழியர்களிடம் எடுத்துச்சொல்லி, அவர்களையும் அந்நோக்கத்தில் பங்குகொள்ளச் செய்த முயற்சிகளுள் இது பெரிதும் அறியப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் ‘நேஷனல் பானசோனிக்’ என்ற பெயரில் அறிமுகமான வானொலிப் பெட்டியும் டேப் ரெக்கார்டரும் இந்நிறுவனத்தின் தயாரிப்புகளே.

தொடக்கம்

வாகயாமா மாவட்டத்தில் பிறந்த மட்சுஷிடாவின் தந்தை அரிசி ஊக வணிகத்தில் சொத்தை இழந்தார். அதனால் மட்சுஷிடா ஒன்பது வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு ஒசாகாவில் கடைப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்து, 1918 மார்ச் 7 அன்று மனைவி முமெனோவுடனும் மைத்துனர் தொஷியோ இவேயுடனும் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார். மின் இணைப்புச் சாதனங்களும் மிதிவண்டி விளக்குகளும் அங்கே தயாராயின.

1929ஆம் ஆண்டின் சோதனை

1932இல் அவர் ஆற்றிய உரையைப் பற்றி எழுதுவோர் பலர் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததை விட்டுவிடுகின்றனர். அதை அறியாமல் அந்த உரைக்குக் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ள இயலாது.

1929ஆம் ஆண்டு இறுதியில் பொருளாதார மந்தம் ஜப்பானைத் தாக்கியது. விற்பனை பாதியாகக் குறைந்தது. கிடங்கில் சரக்கு தேங்கியது. மட்சுஷிடா அப்போது நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். ஆட்களில் பாதிப்பேரை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என மேலாளர்கள் அவரிடம் தெரிவித்தனர். பல ஆலைகள் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தன. அவரோ ஒருவரையும் நீக்கக் கூடாது என்றார். உற்பத்தியைப் பாதியாக்கி, ஆலையை அரை நாள் மட்டும் நடத்துவது. ஊதியத்தை மட்டும் முழுமையாகத் தருவது. மீதி நேரத்தில் அனைவரும் தேங்கிய சரக்கை விற்க முனைவது என்பதே அவர் முடிவு. ஏறக்குறைய இரண்டே மாதங்களில் கிடங்கு காலியாகி, ஆலை மீண்டும் முழு நேரமும் இயங்கியது.

குழாய்த் தண்ணீர் உவமை

1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில் மட்சுஷிடா ஒரு சமய அமைப்பின் தலைமையகத்தைப் பார்வையிட்டார். அங்கே கட்டடப் பணியிலும் மரம் அறுக்கும் ஆலையிலும் மக்கள் கூலி வாங்காமல் ஊக்கத்தோடு உழைத்தனர். சமயத்துக்கு ஒரு நோக்கம் இருப்பதுபோல் தொழிலுக்கும் இருக்க வேண்டாமா என்ற கேள்வி அவருள் எழுந்தது.

அவர் கண்ட விடை எளியது. குழாய்த் தண்ணீர் விலைமதிப்புள்ள பொருள்தான். ஆயினும் வழிப்போக்கர் ஒருவர் தெருக்குழாயில் நீர் அருந்தினால் யாரும் அவரைத் திருடர் என்பதில்லை. அது ஏராளமாகக் கிடைப்பதே காரணம். மற்றப் பொருள்களையும் அவ்வாறு பெருக்கி, விலையைக் குறைத்து, வறுமையை ஒழிப்பதே உற்பத்தியாளரின் கடமை என்று அவர் கருதினார்.

இதைத்தான் மே 5 அன்று 168 ஊழியர்கள் முன் விளக்கினார். இலக்கை எட்ட 250 ஆண்டுகளை வகுத்து, அதை 25 ஆண்டுகள் கொண்ட பத்துக் கட்டங்களாகப் பிரித்தார். அரங்கில் இருந்த எவரும் இரண்டாம் கட்டத்தின் முடிவைக் காண்பதே அரிது. அப்படியிருந்தும் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறித் தம் உணர்வை வெளியிட்டனர். மந்தக் காலத்தில் தம்மைக் கைவிடாத முதலாளியின் சொல் என்பதால்தான் அது அவர்கள் காதில் வெறும் சொல்லாக ஒலிக்கவில்லை. நிறுவனம் தொடங்கியது 1918 மார்ச் மாதத்தில் என்றாலும், நிறுவன நாளாகக் கொண்டாடப்படுவது இந்த மே 5தான்.

நாள்தோறும் நினைவூட்டல்

அக்காலத்தில் பணியாளர் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அன்று அரங்கில் இல்லாதவர்களுக்கும் இச்செய்தி சென்றுசேர வேண்டுமல்லவா? 1933இல் காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் ஏற்பட்டன. அதே ஆண்டில் சமூகத் தொண்டு, நேர்மை, ஒற்றுமை உள்ளிட்ட ஐந்து நெறிகள் வகுக்கப்பட்டன. 1937இல் இவை ஏழாயின. இவற்றை ஊழியர்கள் சேர்ந்து உரக்கச் சொல்வது வழக்கமாயிற்று. பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டை நினைவூட்டும் இம்முறையைப் பிற நாட்டு நிறுவனங்கள் சிலவும் பின்னாளில் பார்த்துப் பின்பற்றின. 1929ஐப் பின்பற்றுவதைவிட இது எளிது.

போரும் தொழிற்சங்கமும்

வறுமை ஒழிப்புக்கென உறுதிபூண்ட நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்துக்காக மரக்கப்பல்களும் மரத்தாலான விமானங்களும் செய்தது. காலையில் சொல்லப்பட்ட நெறிகள் அதைத் தடுக்கவில்லை. போருக்குப் பின், ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படைத் தலைமையகம் நிறுவனத்தின் மீது பல கட்டுப்பாடுகளை விதித்து, மட்சுஷிடாவைப் பதவியிலிருந்து விலக்க முற்பட்டது.

1946 ஜனவரியில் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். அதன் தொடக்க விழாவுக்கு மட்சுஷிடா தாமே சென்று வாழ்த்துரை கூற, கைதட்டல் எழுந்தது. தொழிற்சங்கங்கள் முதலாளிகளின் போர்க்காலப் பொறுப்பைக் கடுமையாக விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கோ, சங்க உறுப்பினர்களும் அவர்களின் குடும்பத்தினரும் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, அவரை விலக்கக் கூடாது என மனு அளித்தனர். 1947இல் அந்தத் தடை நீங்கியது.

பிற்காலம்

மட்சுஷிடா 1989 ஏப்ரல் 27 அன்று காலமானார். 2002 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் சுமார் 43,000 கோடி யென் இழப்பைச் சந்தித்தது. இம்முறை ஆள்குறைப்பு தவிர்க்கப்படவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் ஜப்பானில் ஏறத்தாழ 13,000 பேர் வெளியேறினர். 2008 அக்டோபர் 1 அன்று மட்சுஷிடா என்ற பெயரும் நீக்கப்பட்டு, நிறுவனம் பானசோனிக் ஆயிற்று. 1932இல் வகுத்த கணக்கின்படி இப்போது நடப்பது நான்காம் கட்டம்.